ஊர்ப் பயணமும் கரிக் கணக்கும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஆண்டு முழுவதும் எவ்வளவு சிக்கனமாக ஸ்கூட்டரும் காரும் ஓட்டினாலும், கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஒரு முறை ஊருக்குப் போய் வருவதில் அந்தச் சிக்கனம் முழுவதும் கரைந்துவிடக் கூடும். புதுதில்லியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். திரும்பி வர மறுபடியும் அவ்வளவு. ஆகவே, சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாகப் பயணம் செய்வது எப்படி என்ற பாடத்தை நம்மவர்கள் இந்த நீண்ட பயணத்திலிருந்து தொடங்குவதே முறை.

நவம்பர் பிறந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் இருமத் தொடங்குவதை நாம் பார்க்கிறோம். இருமலைத் தரும் புகை வேறு, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு வேறு. ஆனால் வண்டிகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குழாய் வழியாகத்தான் வருகின்றன. இங்கே நாம் போடப்போவது கரியமில வாயுக் கணக்கு. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ எப்படி இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடிய எடை ஆக்சிஜனுடையது. இனி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 2,200 கிலோமீட்டர் ஓட 147 லிட்டர் வேண்டும். அதாவது 340 கிலோ கரியமில வாயு. நால்வர் போனால் தலைக்கு 85 கிலோ, ஒருவர் மட்டும் போனால் முழுச் சுமையும் அவர் தலையில். விமானத்தில், இருக்கைகள் நிரம்பியிருந்தாலும், தலைக்கு நூறு கிலோவுக்கு மேல் ஆகும்.

ரயில் கணக்கு இது. எஞ்சினையும் சேர்த்து 1,100 டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம், நிறுத்தம் எல்லாம் சேர்த்து, ஆயிரம் டன்னை ஒரு கிலோமீட்டர் இழுக்க ஏறக்குறைய 20 யூனிட் மின்சாரம் போதும். 2,180 கிலோமீட்டருக்குச் சுமார் 48,000 யூனிட். 1,200 பேர் பயணம் செய்தால் தலைக்கு 40 யூனிட். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால் 28 கிலோ. மின்சார ரயில் புகையே விடாது என்று சிலர் பெருமையாகச் சொல்வது முழு உண்மை அல்ல. புகை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் போகிறது. இருந்தும் குளிர்சாதனத்தைச் சேர்த்தால்கூட, மூன்றடுக்குப் பெட்டிக்காரருக்கு 50 கிலோவைத் தாண்டாது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறிய நாணய அளவுதான். இரண்டும் அமுங்குவதில்லை. சமதளத்தில் மெதுவாக ஒரு டன்னை உருட்டிச் செல்ல இரண்டு கிலோ அளவு இழுவிசை இருந்தால் போதும். ரப்பர் டயர் சாலையில் நசுங்கி நசுங்கி எழுவதால் அதே டன்னுக்குப் பத்துக் கிலோவும் அதற்கு மேலும் வேண்டும். விமானமோ முதலில் எடையை மேலே தூக்க வேண்டும், பிறகு விழாமல் தாங்கவும் வேண்டும்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஊரிலிருந்து திரும்பும்போது நாக்பூருக்கும் இட்டார்சிக்கும் இடையே மராம்ஜிரியிலிருந்து தாராகோ வரை வண்டி சாத்பூரா மலையில் இறங்கி வரும். பழைய எஞ்சின்கள் இருந்த காலத்தில் அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் பிரேக் கட்டைகளில் சூடாகி வீணாயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வரும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை எஞ்சினில், இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. பின்னால் மலையேறி வரும் சரக்கு வண்டி ஒன்று அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைக்கு இதைக் காட்டிச் சொல்லலாம். தில்லி மெட்ரோவும் பிரேக் போடும்போதெல்லாம் இதையேதான் செய்கிறது.

எந்த வகுப்பில் போகிறோம் என்பதும் கணக்கில் சேரும். எல்.எச்.பி. பெட்டிகளில் முதல் வகுப்பு ஏ.சி.யில் 24 படுக்கைகள், இரண்டடுக்கில் 52, மூன்றடுக்கில் 72, சாதாரண ஸ்லீப்பரில் 80. இழுக்க வேண்டிய பெட்டி ஏறக்குறைய ஒன்றே. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இரண்டடுக்கில் கீழ்ப்படுக்கை கேட்பதில் ஒரு குற்றமும் இல்லை. வசதி இருக்கிறது என்பதற்காக மட்டும் மேல் வகுப்புக்குப் போகிறவர்களுக்கே இதைச் சொல்கிறேன்.

விமானத்தில் ஏறவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஊரில் பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால் 33 மணி நேரம் ரயிலில் உட்கார்ந்திருக்க முடியாது. லீவு குறைவாக உள்ளவர்கள் ஒரு வழி ரயிலும் ஒரு வழி விமானமும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் இரண்டு தடவை அவசரமாகப் பறந்து வருவதைவிட, ஒரு தடவை போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வருவது ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதிகம் பிடிக்கும். பலர் விமானத்துக்குப் போவது விருப்பத்தால் அல்ல, டிக்கெட் கிடைக்காததால்தான். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஜனவரி 12 இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற வேண்டுமானால் நவம்பர் 13 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

வண்டிக்குள் நம் பொறுப்பு இரண்டு. தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜாவிலோ பெரிய பாட்டிலிலோ எடுத்துச் செல்லுங்கள். புளியோதரையும் இட்லி மிளகாய்ப்பொடியும் முதல் நாள் தாங்கும், தயிர்சாதத்தை மட்டும் முதல் வேளையிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டாவது, கழிப்பறை. முன்பெல்லாம் கழிவு தண்டவாளத்திலேயே விழும், அதை மிதித்துக்கொண்டுதான் கேங்மேன்கள் வேலை பார்த்தார்கள். இப்போது பெட்டிக்கு அடியில் டி.ஆர்.டி.ஓ.வும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய உயிரித் தொட்டி இருக்கிறது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. ஆனால் டயபரையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் குட்கா பாக்கெட்டையும் அவற்றால் தின்ன முடியாது. ஒரு டயபர் போதும், தொட்டி அடைத்துக்கொள்ளும். நாற்றம் தாங்கவில்லை என்று பெட்டி முழுவதும் ரயில்வேயைத் திட்டும். அடைப்பைக் கையால் எடுப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. குப்பைத்தொட்டி வாஷ்பேசினுக்குக் கீழேயே இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போகவும் டாக்சி தேவையில்லை. புதுதில்லிக்கு மஞ்சள் தடம் இருக்கிறது. மதுரைக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவர்கள் நிஜாமுதீனில் ஏறுவார்கள். மயூர்விஹார் ஃபேஸ்-1 அன்பர்களுக்கு இளஞ்சிவப்புத் தடத்தில் அது அடுத்த ஸ்டேஷனே. சென்னையில் சென்ட்ரல், எழும்பூர் இரண்டிலும் மெட்ரோ உண்டு.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன டயர் நசுங்கல், காற்றுக் குறைந்தால் இன்னும் கூடும். மாதம் இருமுறை, டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரி பாருங்கள். கறிவேப்பிலை வாங்க அரைக் கிலோமீட்டர் காரில் போனால், எஞ்சின் சூடேறுவதற்குள் கடை வந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், புகையும் அதிகம் விடும். அந்தத் தூரத்துக்குக் கால்கள் போதும், டயரில் காற்றும் அடிக்க வேண்டாம்.