லோஹகடும் செஞ்சியும்

தளேகாவ் நிலையத்தில் லோணாவளா செல்லும் வண்டியேறி மளவலியில் இறங்கினால், பாஜே குகைகளைக் கண்டு, லோஹகட் கோட்டைக்கு நடந்தே செல்லலாம். 'இரும்புக் கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். உல்லாசப் பயணமென்றே நானும் சென்றேன். பாடம் கற்றுத் திரும்பினேன்.

கணேசர், நாராயணர், அனுமன், மகா என வாயில்கள் நான்கு. அவற்றை இணைக்கும் பாதை நேராகச் செல்லாது, பாம்புபோல் வளைகின்றது. ஏறிவரும் பகைவன் வளைவுதோறும் மேலே நிற்கும் காவலர்க்கு இலக்காவான்.

1665-இல் புரந்தர் உடன்படிக்கையால் முகலாயரிடம் சென்ற இக்கோட்டையைச் சிவாஜி 1670-இல் மீட்டார். அவரே 1677-இல் நம் செஞ்சியையும் கைப்பற்றினார். பின்னர் அவர் மைந்தர் இராஜாராம் செஞ்சியில் அடைக்கலம் புகுந்தார். முகலாயர் அதனை முற்றுகையிட்டுக் கைக்கொள்ள 1698 வரை ஆயிற்று.

2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டு. அவற்றுள் லோஹகட் ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. அதனைக் காணாமலே இவ்வளவு தொலைவு வந்துவிட்டேனே என நாணினேன்.

நண்பர்களே! மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். குளிர்காலத்தில் லோஹகட் ஏறுங்கள். விடுமுறையில் ஊர் சென்றால் செஞ்சியையும் ஏறுங்கள். ஒன்றைக் கண்டவர்க்கே மற்றொன்று முழுமையாக விளங்கும்.