பேசி முடிக்க விடு

நெய்வேலி

அன்புள்ள மருமகளே,

சிதம்பரத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டன என்றும், உடற்கூறியல் புத்தகத்தைத் தூக்கவே முடியவில்லை என்று நீ புலம்புவதாகவும் உன் அப்பா சொன்னான். அதை எப்படியும் படித்துவிடுவாய். நான் எழுத வந்தது வேறு. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறைக்கும் நெறிமுறைக்கும் தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ‘அதெல்லாம் சும்மா, பார்த்துக்கலாம்’ என்று சீனியர்கள் யாராவது சொல்லக்கூடும். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதே.

புறநோயாளிப் பிரிவில் டாக்டர் மேசையோரம் நின்றே என் நர்ஸ் உத்தியோகம் கழிந்தது. எத்தனையோ பேர் உட்கார்ந்ததும் முட்டிவலி என்பார்கள், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து கதவருகே போவார்கள், அங்கே நின்று ‘இன்னொண்ணுங்க டாக்டர்’ என்று திரும்புவார்கள். வந்ததே அதற்காகத்தான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டால் அது அவரோடு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுவது தெரிந்தது. விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே என்பது டாக்டர்களின் பயம். சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 நொடியில் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். 2002-இல் வந்த முடிவு இது. நம் நாட்டில் ஆரம்பச் சிகிச்சைக்கு ஒருவருக்குக் கிடைப்பதே ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான், அதில் 92 நொடியை எப்படிக் கொடுப்பது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. வரிசை நீளமாக இருப்பது உன் குற்றமல்ல. ஆனால் 1975-இல் இங்கிலாந்தில் புதிதாக வந்த 80 நோயாளிகளைக் கவனித்தபோது, 66 பேருக்கு அவர்கள் சொன்ன விவரத்திலிருந்தே நோய் பிடிபட்டிருந்தது. கேட்பதை மிச்சம் பிடித்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினால், அந்த நேரத்தையும் காசையும் நோயாளிதான் கொடுக்கிறார்.

நம் ஊரைப் பார். நிலக்கரி நிறுவனத்தைச் சொல்லி ‘என்.எல்.சி.யில வேலை’ என்று ஒருவர் சொன்னால் அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது! ராட்சத இயந்திரத்தின் மேலே உட்கார்ந்து மண் வெட்டுகிறவர், கன்வேயர் பெல்ட்டோரம் சிதறிய கரியை அள்ளுகிறவர், அனல்மின் நிலையத்தில் சாம்பலோடு மல்லுக்கட்டுகிறவர், ஏ.சி. அறையில் கோப்பு பார்க்கிறவர். இருமல் எல்லாருக்கும் ஒன்றாகவே கேட்கும். ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்’ என்று சர்க்கரை மாத்திரை எழுதுவது சுலபம். இந்த வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று மாறுகிறவருக்கு இரவுச் சாப்பாடு எப்போது? மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து, வேலையிடத்திலேயே மயங்கி விழலாம். இன்னொன்று. வருஷக்கணக்காக இரைச்சலில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். நீ எது சொன்னாலும் ‘சரிங்க, சரிங்க’ என்று தலையாட்டுவார்கள். புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதே, திருப்பிச் சொல்லச் சொல்.

இத்தாலியில் ராமாசினி என்று ஒரு மருத்துவர். வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் பரபரவென்று வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தொழிலாக விசாரித்து, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் நூலே எழுதிவிட்டார். நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு ‘என்ன தொழில் செய்கிறீர்கள்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். உலகமே வியந்த வேலை. குணமாகிப் போன ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கையை நீட்டினால் முன்னைப்போல் யாரும் பிச்சை போடுவதில்லை என்று சொன்னார். எனக்குத் தெரிந்த சில டாக்டர்கள் அங்கேயே சீறியிருப்பார்கள். பிராண்ட் அதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. கை நிமிர்ந்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு பிழைப்பும் வேண்டும் என்று உணர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய நவஜீவ நிலையத்தில், குணமானவர்கள் மரப்பொம்மை செய்யவும் தச்சு வேலைக்கும் பழகினார்கள். சிகிச்சையில் என்ன குறை என்பதைச் சிகிச்சை பெற்றவரே சொல்லிக்கொடுத்தார்.

சொல்வதையெல்லாம் அப்படியே நம்பு என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுவலியை வாயு என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முழுக்கக் கேட்டுவிட்டு, அதன் பிறகு சந்தேகப்படு.

வார்டில் கேஸ் ஷீட் எழுதும் நாள் வரும். தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதே. என்ன கூலி, எத்தனை மணி நேரம், எந்த இயந்திரத்தின் பக்கத்தில், எந்த ஷிப்ட் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அத்தை