டிவிடெண்டா, விற்பனையா? அரசு வைத்திருக்கும் வங்கிப் பங்குகளுக்கு ஒரு கணக்கு

ஐடிபிஐ வங்கியில் மத்திய அரசுக்கு 45.48 சதவீதம், எல்ஐசிக்கு 49.24 சதவீதம். இரண்டிலுமாக 60.72 சதவீதத்தை விற்க 2022 அக்டோபரில் விருப்ப மனு கோரினார்கள். விற்பனை இழுத்துக்கொண்டே போக, வங்கி டிவிடெண்டைக் கூட்டிக்கொண்டே போனது: 2022-23க்குப் பங்குக்கு 1 ரூபாய், பிறகு 1.50, 2024-25க்கு 2.10. அரசிடம் ஏறத்தாழ 489 கோடிப் பங்குகள் இருப்பதால் மூன்று தவணையில் சுமார் 2,250 கோடி ரூபாய். அப்படியானால் விற்காமல் இருப்பதே லாபமா?

வைத்திருப்பது என்ற வழியை எடைபோடும்போது பலரும் டிவிடெண்டை அரசின் கடன் வட்டியோடு ஒப்பிடுகிறார்கள். பங்கு விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2.10 ரூபாய் அற்பம்; அந்தப் பங்கை விற்றுக் கடனை அடைத்தால் ஆறு, ஏழு ரூபாய் வட்டி மிச்சம். ஆனால் 2024-25இல் வங்கி சம்பாதித்தது பங்குக்கு ஏறக்குறைய 7 ரூபாய். கொடுக்காத மீதியும் பங்குதாரர் சொத்துதான். ஆகவே ஒப்பிட வேண்டியது லாபத்தை. அப்படிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். லாபம் நிலைக்குமா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. 2017 முதல் 2021 வரை இதே வங்கி, நலிந்த வங்கிகள் மீது ரிசர்வ் வங்கி எடுக்கும் உடனடித் திருத்த நடவடிக்கையில் சிக்கியிருந்ததை மறக்கக்கூடாது.

விற்கும் முன் பெரிய டிவிடெண்டாக உருவிக்கொள்வது இன்னொரு வழி. கேட்க இனிக்கும், உண்மையில் அது விலையின் முன்பணம். வங்கியை விட்டு வெளியேறிய பணத்துக்கு வாங்குபவர் விலை தரமாட்டார். 2022இல் பிரிட்டனின் நாட்வெஸ்ட் வங்கி பங்குக்கு 16.8 பென்ஸ் சிறப்பு டிவிடெண்ட், மொத்தம் 175 கோடி பவுண்ட் கொடுத்தபோது, 14 பங்குகளை 13 ஆக்கும் ஒருங்கிணைப்பையும் கூடவே செய்தது. பணம் போனால் மதிப்பு குறையும் என்பதை அதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது. பிரிட்டிஷ் அரசிடம் அப்போது பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கே இருந்ததால், கொடுத்ததில் பாதிக்கும் மேல் வெளியாருக்குப் போனது.

அதே வங்கி கையாண்ட வேறு வழி எனக்குப் பிடித்தது: அரசிடமிருந்து மட்டும் பங்குகளை நேரடியாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. 2021 மார்ச்சில் அப்படி 110 கோடி பவுண்ட் நேரே கஜானாவுக்கு வந்தது. இருந்தும் 2025 மே மாதம் அரசு முழுமையாக வெளியேறியபோது, வங்கியில் போட்ட 4,550 கோடி பவுண்டில் திரும்பியது சுமார் 3,500 கோடிதான்! இந்தியாவிலோ ஒருவரிடம் மட்டும் பேசி முடிக்கும் இத்தகைய பைபேக்கை செபி விதிகள் அனுமதிப்பதில்லை.

சிறுகச் சிறுகச் சந்தையில் விற்பது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குப் பொருந்தும். அரசின் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல். பொதுமக்களிடம் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. சேர்ந்துபோன நட்டத்தால் பல ஆண்டுகள் டிவிடெண்டே தராத வங்கியில், இழக்கப் போகும் வருமானம் என்று பெரிதாக எதுவுமில்லை.

பட்ஜெட் கணக்கும் முடிவை வளைக்கும். டிவிடெண்ட் வரி அல்லாத வருவாயில் சேரும். விற்ற பணம் மூலதன வரவு. நிதிப் பற்றாக்குறையை இரண்டும் குறைக்கும், வருவாய்ப் பற்றாக்குறையை டிவிடெண்ட் மட்டுமே. நிதியமைச்சகத்துக்கு டிவிடெண்ட் மீது இருக்கும் ஆசைக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஐடிபிஐ விஷயத்தில் நான் நிர்வாக உரிமையோடு விற்கும் பக்கம். சந்தை விலைக்கு மேல் கூடுதலாக யாராவது தருவார்கள் என்றால் அந்த உரிமைக்காகத்தான் தருவார்கள். திட்டப்படி அரசிடம் 15 சதவீதம் மிஞ்சும்; அதற்கு டிவிடெண்ட் தொடர்ந்து வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். கையெழுத்துக்கும் ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற்றுப் பங்குகள் கைமாறுவதற்கும் இடையே மாதங்கள் ஓடலாம். அதற்குள் அறிவிக்கப்படும் டிவிடெண்ட் யாருக்கு, அது விலையில் கழிக்கப்படுமா?