பருத்த உடலுக்கு மெதுவான அசைவு

உடல் பருத்த ஒருவரைக் கண்டால் "நன்றாக நடவுங்கள், நிறையைக் குறையுங்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிடுகின்றோம். கதிரையிலிருந்து எழும்பவே இரு கைகளையும் ஊன்ற வேண்டியவருக்கு இப்புத்திமதி எவ்வளவு தூரம் உதவும்? நடந்தால் முழங்கால் நோகின்றது. நோவதால் நடப்பதில்லை. நடக்காததால் தசை நலிந்து நிறை கூடுகின்றது. நிறை கூட நோவும் கூடுகின்றது. இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டலாம் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

முழங்காலின் சுமை

முழங்கால் தேய்வுள்ள பருத்த முதியோரிடையே அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. உடல் நிறையில் 1 கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகின்றது என அது காட்டியது. நிறை கூடும்போது முழங்கால் படும் பாட்டை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். இத்தகையவரைத் துள்ளவும் ஓடவும் சொல்வது பொருத்தமன்று.

சீனரின் பழைய வழி

சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே, மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டது. அங்கு கிடைத்த பட்டுத்துணி ஓவியமொன்றில் 44 பேர் தேகப்பியாசம் செய்கின்றனர். ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும் அதில் உள்ளனர். இம்மரபில் வளர்ந்தவற்றுள் ஒன்று, எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின். 2003இல் சீன அரசின் விளையாட்டுத்துறை அதனை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. மற்றொன்று தாய்ச்சி. அதன் 24 அசைவுகள் கொண்ட சுருக்கமான வடிவம் 1956இல் வகுக்கப்பட்டது.

இவை எவ்வாறு உதவுகின்றன?

1. உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றப்படுகின்றது. மூட்டில் அதிர்ச்சி விழுவதில்லை, சமநிலை பழகுகின்றது.

2. முழங்காலைச் சற்று மடித்து நிற்பதால் தொடைத்தசை வலுப்பெறுகின்றது. எவ்வளவு மடிப்பது என்பதைச் செய்பவரே தீர்மானிக்கலாம்.

3. மனம் மூச்சிலும் அசைவிலும் நிலைத்திருக்கின்றது. கால் எங்கே பதிகின்றது என்ற கவனம் வளர, விழுந்துவிடுவோம் என்ற பயம் தணிகின்றது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முழங்கால் தேய்வுள்ள 204 பேரிடையே நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பங்குபற்றியோரின் சராசரி உடல் நிறை பருமன் எனக் கொள்ளும் அளவில் இருந்தது. வாரம் இருமுறை 12 வாரம் தாய்ச்சி பழகியோருக்கு, இயன்மருத்துவம் பெற்றோரைப் போலவே நோவு குறைந்து இயக்கம் கூடியது.

ஹொங்கொங்கில் வயிறு பருத்த, 50 வயதும் அதற்கு மேலுமான 543 பேரிடையே நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அங்கு 12 வாரத் தாய்ச்சி, வழமையான தேகப்பியாசத்தைப் போலவே இடுப்பளவைக் குறைத்தது. ஆனால் அக்குறைவு 2 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டதே. எனவே இதனை நிறை குறைக்கும் மாயவித்தையாக எண்ணலாகாது. முதலில் கிடைப்பது எழும்பவும் நடக்கவும் ஆன வலிமை. நிறை குறைய உணவிலும் கவனம் வேண்டும்.

தொடங்கும் முறை

உறுதியான கதிரையொன்றை அருகில் வைத்துக்கொள்வோம். நிற்க இயலாதவர் அதில் இருந்தே தொடங்கலாம். பாதுவான்ஜினின் முதல் அசைவில், விரல்களைக் கோத்து, மூச்சை உள்ளிழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மூச்சை விட்டபடி இறக்குவோம். இறுதி அசைவில், கதிரையைப் பிடித்துக் குதிக்கால்களை உயர்த்தி மெதுவாக இறக்குவோம். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். கடும் நோவு, தலைச்சுற்று, நெஞ்சடைப்பு வந்தால் நிறுத்த வேண்டும். இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர் முன்பே வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

முன்னேற்றத்தை அறியத் தராசு மட்டும் போதாது. கைகளை மார்பில் கட்டியபடி, 30 செக்கனில் கதிரையிலிருந்து எத்தனை தடவை எழும்ப முடிகின்றது என முதல்நாளில் எண்ணி எழுதிவைப்போம். 12 வாரத்தின் பின் மீண்டும் எண்ணுவோம்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது அயலில் நடக்க இயலாமையால் வீட்டோடு முடங்கியிருப்போர் யார்?

2. பருத்தவரைக் கேலி செய்யும் எமது பேச்சு, அவர் வெளியே வந்து பழகுவதை எவ்வாறு தடுக்கின்றது?

3. வாரம் இருமுறை அவரோடு சேர்ந்து பழக நம்மில் யார் முன்வருவோம்?