காய்ச்சல் விட்டாலும் கவனம் வேண்டும்

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று பெற்றோர் ஆறுதலடைவது இயல்பே. ஆனால் டெங்குக் காய்ச்சலில் ஆபத்துத் தொடங்குவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான்.

மூன்றாம் நாளுக்குப் பின், காய்ச்சல் தணியும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியக்கூடும். இந்நிலை 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாடி தளர்ந்துவிடலாம்.

ஓயாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், மிகுந்த சோர்வு, இரத்தக்கசிவு, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். வாகனம் இல்லையாயின் 1990 இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

"நேற்றுத்தானே காட்டினோம். மருந்து தந்து அனுப்பினார்கள். மறுபடி போனால் ஏசுவார்களே" என்று தயங்குவதுமுண்டு. நேற்றிருந்த நிலை வேறு, இன்றைய நிலை வேறு. காய்ச்சல் தொடங்கிய நாள், குடித்த நீராகாரத்தின் அளவு, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். வரிசை நீண்டிருந்தால், முறை வரும்வரை நில்லாது தாதியிடம் அதைக் காட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே, சொன்ன அளவில் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடலாம்.

பெற்றோரே, வீண் அலைச்சலென்று பிறர் சொன்னாலும் சொல்லட்டும். பிந்திப் போவதிலும் இருமுறை போவது மேல்.