15ஆம் தேதியை விட்டுவிடாதே, தம்பி



கணபதியில் ஃபவுண்டரி வைத்திருப்பவருக்கு வந்த நோட்டீஸைப் படித்தேன். தொழிலாளர் பங்கு பி.எஃப். தாமதமாகக் கட்டப்பட்டிருக்கிறது, அதை வருமானத்தில் சேர்க்கப் போகிறோம் என்கிறது வருமான வரித் துறையின் பெங்களூரு சி.பி.சி. "சின்னத் தொகைதானுங்க, கட்டிப்போடலாமுங்க" என்று அவர் சொன்னதாகவும், உனக்கும் அதுவே நல்லதாகப் படுவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை.

அந்த நோட்டீஸ் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார். அங்கே யாரும் சலானைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாம் ஏற்றும் 3சிடி படிவத்தின் 20(பி) பத்தியில் கட்ட வேண்டிய தேதியும் கட்டிய தேதியும் இருக்கின்றன. இரண்டாவது முதலாவதைத் தாண்டியிருந்தால் கணினி நோட்டீஸ் அனுப்பிவிடும். அதனால் பிழை நம் மேசையிலிருந்தே கிளம்பியிருக்கலாம்.

பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு ஏழு மாதப் பங்கைச் சேர்த்து நோட்டீஸ் வந்தது. இரவு உட்கார்ந்து வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். டேலியில் வவுச்சர் போட்ட தேதியையே கட்டிய தேதியாக எங்கள் ஆபீஸில் ஏற்றியிருந்தார்கள். ஐந்து மாதப் பணம் கெடுவான அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போயிருந்தது. மீதி இரண்டு மாதம் உண்மையிலேயே தாமதம். கரண்ட் பில் கட்டியபின் கையில் காசில்லை என்றார். ஐந்தை மறுத்து எழுதினோம், இரண்டை ஒப்புக்கொண்டோம். அந்த இரண்டையும் சேர்த்து மறுக்கச் சொல்லி அவர் கேட்டார், நான் சம்மதிக்கவில்லை. சம்பளத்தில் பிடித்த பணம் தொழிலாளியுடையது.

2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தாமதக் கேள்வியைத் தீர்த்துவைத்தது. முதலாளி தன் பங்கை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் போதும். தொழிலாளர் பங்கு பி.எஃப். கெடுவை ஒரு நாள் தாண்டினாலும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி அதற்குக் கழிவே கிடையாது. ஒரு நாளுக்கு இத்தனை விலை இருக்கும்போது, அந்த ஒரு நாள் உண்மையிலேயே தவறியதா என்று பார்க்காமல் எப்படிக் கட்டச் சொல்வாய்?

ஜூலைச் சம்பளத்தின் கெடு எந்த ஆண்டும் ஆகஸ்ட் 15, விடுமுறை நாள். அலுவலகம் மூடியிருக்கும் நாளில் கெடு விழுந்தால் அடுத்த வேலைநாளில் செய்ததும் கெடுவுக்குள் செய்ததே என்கிறது 1897ஆம் ஆண்டுப் பொதுப்பிரிவுகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு. பெப்சிகோ வழக்கில் ஆகஸ்ட் 16இல் கட்டியதை டில்லி உயர் நீதிமன்றம் இதை வைத்தே ஏற்றுக்கொண்டது. டிசம்பர்ச் சம்பளத்தின் கெடுவோ ஜனவரி 15, நம் ஊரே பொங்கலில் இருக்கும் நாள். நெட் பேங்கிங்குக்கு ஏது விடுமுறை என்று கேட்பார்கள். விடுமுறைப் பட்டியலையும் தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுது.

இன்னொன்றும் யோசி. அதே தேதியை வைத்து பி.எஃப். அலுவலகம் பி.எஃப். சட்டத்தின் 14பி பிரிவில் அபராதமும், 7க்யூ பிரிவில் 12 சதவீத வட்டியும் கேட்கலாம். முதலாளி தரப்பைக் கேட்காமல் 14பி உத்தரவு போட முடியாது. வட்டிக் கணக்கில் தகராறு இருந்தால் அதையும் கேட்டாக வேண்டும் என்று நம் மாநிலத்து ஆற்காடு டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வருமான வரியில் தாமதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அங்கே போய்த் தாமதமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வாய்?

பதில் போட 30 நாள்தான். உன் கடிதக் கணக்குப்படி 11 நாள் போய்விட்டது. நாளைக் காலையில் கணபதிக்குப் போய் அவருடைய பி.எஃப். சலான்களையும் அந்த ஆண்டின் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வாங்கி வா. போர்ட்டலில் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவதற்கு முன் என்னைக் கூப்பிடு.