தொடங்க மறுக்கும் கணினி: கோளாறு எந்தப் படியில்?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் கணினியின் தொடக்கல் செயன்முறையைப் பலர் வரிசையாகப் பாடமாக்கி வைத்திருப்பீர்கள். ஆனால் வீட்டிலுள்ள கணினி ஒரு நாள் தொடங்காமல் நின்றுவிட்டால், அந்த வரிசையை நினைவுக்குக் கொண்டுவருபவர் மிகச் சிலரே. "வைரஸ் வந்துவிட்டது, போமட் செய்ய வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். அண்ணாவின் பல்கலைக்கழக ஒப்படை, அப்பாவின் கடைக் கணக்கு, அக்காவின் திருமணப் படங்கள் என எல்லாமே அத்துடன் அழிந்துபோகலாம். பல வேளைகளில் கோளாறு வன்தட்டிலேயே இருந்திருக்காது.

வைத்தியர் நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டறிந்த பின்னரே மருந்து எழுதுகிறார். கணினிக்கும் அதே முறைதான். கணினி எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதன் பின்னரே பரிகாரம்.

1. தொடக்கல் செயன்முறையின் ஐந்து படிகள்

படி 1: வலு வழங்கி, சுவர்க் குதையிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றித் தாய்ப்பலகைக்கும் ஏனைய பகுதிகளுக்கும் வழங்குகிறது.

படி 2: மத்திய முறைவழி அலகு, தாய்ப்பலகையின் வாசிப்பு மாத்திர நினைவகத்தில் உள்ள பயாஸ் அறிவுறுத்தல்களை நிறைவேற்றத் தொடங்குகிறது. புதிய கணினிகளில் இவ்வேலையை யூ.ஈ.எஃப்.ஐ. செய்கிறது.

படி 3: வலுவூட்டல் சுயபரிசோதனை நடைபெறுகிறது. தற்போக்குப் பெறுவழி நினைவகம், திரைக்கான சுற்று, விசைப்பலகை போன்றவை சரியாக உள்ளனவா எனப் பார்க்கப்படுகின்றன.

படி 4: பணிசெயல் முறைமை எந்தச் சேமிப்புச் சாதனத்தில் உள்ளது எனத் தேடப்படுகிறது.

படி 5: பணிசெயல் முறைமை அச்சாதனத்திலிருந்து தற்போக்குப் பெறுவழி நினைவகத்திற்கு ஏற்றப்படுகிறது. அதன் பின்னரே நாம் திரையில் வழக்கமான முகப்பைக் காண்கிறோம்.

ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி தொடங்கும். ஆகவே கடைசியாக எது சரியாக நடந்தது என்பதைக் கவனித்தால், கோளாறு அதற்கு அடுத்த படியில் உள்ளது என ஊகிக்கலாம்.

2. அறிகுறிகளும் பரிகாரங்களும்

(அ) விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை

நின்றது படி 1 இல். முதலில் சுவர்க் குதையைச் சோதியுங்கள். அதே குதையில் மேசை விளக்கு ஒன்றைச் செருகிப் பார்த்தால் போதும். விளக்கு எரிந்தால் குதையில் குறையில்லை. அடுத்து 13 அம்பியர் செருகியினுள் இருக்கும் உருகியையும், முறைமை அலகின் பின்புறத்தில் வலு வழங்கிக்கு அருகே உள்ள சிறிய ஆளியையும் பாருங்கள். வீடு துடைக்கும்போது கை பட்டு அந்த ஆளி அணைந்திருக்கக்கூடும்.

பின்னர் மின்வடத்தைச் சோதியுங்கள். பல திரைகளுக்கும் முறைமை அலகுக்கும் ஒரே வகை வடமே பயன்படுகிறது. இரண்டையும் மாற்றிச் செருகினால் வடம் பழுதா என்பது செலவின்றித் தெரிந்துவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையெனில் வலு வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதாகியிருக்கலாம்.

கவனிக்க: வலு வழங்கியின் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள் உள்ள கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதனைத் தொழினுட்பவியலாளரிடமே விடுங்கள்.

(ஆ) விசிறி சுழல்கிறது, திரை இருளாக உள்ளது

வலு கிடைக்கிறது. ஆகவே சந்தேகம் படி 2, படி 3 மீது. ஆனால் முதலில் திரையை விலக்கிப் பாருங்கள். திரைக்குத் தனி ஆளியும் தனி மின்வடமும் உண்டு. "சமிக்ஞை இல்லை" என்ற கருத்துப்பட திரையில் செய்தி தோன்றினால் திரை நன்றாகவே உள்ளது. முறைமை அலகிலிருந்து படம் வரவில்லை என்பதே பொருள். இணைப்பு வடத்தை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் இறுக்குங்கள்.

கணினி "பீப்" என்று திரும்பத் திரும்ப ஒலித்தால், சுயபரிசோதனையில் ஏதோ ஒரு பகுதி தவறிவிட்டது. நினைவகம் தளர்ந்திருப்பது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். ஒலியின் எண்ணிக்கைக்கான பொருள் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறுபடும். எனவே தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்க்க வேண்டும்.

பெரியவர் ஒருவரின் துணையுடன், மின்செருகியைக் கழற்றிய பின், பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை அகற்றுங்கள். பின்னர் நினைவகத்தைக் கழற்றி, சரியான பக்கமாக மீண்டும் உறுதியாகப் பொருத்துங்கள்.

(இ) திரையில் எழுத்துகள் தோன்றி நின்றுவிடுகின்றன

சுயபரிசோதனை முடிந்தது. தொடக்கும் சாதனம் கிடைக்கவில்லை எனும் செய்தி வந்தால் நின்றது படி 4 இல். முதலில் யூ.எஸ்.பி. துறைகளைப் பாருங்கள். மறந்து விடப்பட்ட பென்ட்ரைவில் கணினி பணிசெயல் முறைமையைத் தேடிக்கொண்டிருக்கலாம். அதை அகற்றி மீண்டும் தொடக்குங்கள். பயனில்லையெனில் பயாஸ் அமைப்பினுள் சென்று வன்தட்டின் பெயர் காட்டப்படுகிறதா எனப் பாருங்கள். பெயர் இல்லையெனில் அதன் வடம் கழன்றிருக்கலாம், அல்லது வன்தட்டே பழுதாகியிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் திகதியும் நேரமும் பின்னோக்கிச் சென்றிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவச் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இது சீ.ஆர். 2032 எனும் 3 வோல்ற்று மின்கலமாகும். இது தீர்ந்தால் தொடக்கல் ஒழுங்கு உட்பட்ட அமைப்புகளும் மாறிவிடலாம்.

(ஈ) விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நிற்கிறது, அல்லது மீண்டும் மீண்டும் தொடங்குகிறது

நின்றது படி 5 இல். கோப்புகள் பழுதடைதல், பொருந்தாத மென்பொருள், வைரஸ் என்பன காரணமாகலாம். வேலை செய்துகொண்டிருக்கையில் மின் தடைப்படுவதாலும் கோப்புகள் பழுதடையும். 2022 ஆம் ஆண்டில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தடையற்ற மின்வழங்கியின் பயன் விளங்கும்.

விண்டோஸ் 7 இலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் தொடங்கும்போது எஃப் 8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் நுழையலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தொடக்கல் அடுத்தடுத்துச் சில தடவை தவறினால் பழுதுபார்க்கும் பகுதி தானாகவே தோன்றும். அதிலிருந்து பாதுகாப்பு முறைக்குச் செல்லலாம். வன்தட்டுப் பழுதும் சில வேளைகளில் இவ்வாறே தோற்றமளிக்கும்.

3. போமட் செய்வது எப்போது?

மேலே கூறியவற்றை மீண்டும் பாருங்கள். போமட் செய்து பணிசெயல் முறைமையை மீள நிறுவுவது மென்பொருள் கோளாறுக்கான இறுதிப் பரிகாரம் மட்டுமே. உருகி எரிந்ததற்கும் நினைவகம் தளர்ந்ததற்கும் அது மருந்தல்ல.

கணினி தொடங்கவில்லை என்பதற்காகத் தரவுகள் அழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான வேளைகளில் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதிசெய்துகொள்ளலாம். ஆகவே திருத்துமிடத்தில் கொடுக்கும்போது, "முதலில் எங்கள் கோப்புகளைப் பிரதிசெய்யுங்கள், கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்று வழமையற்ற ஒலி வந்தால், மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் தரவுகளுக்கு மேலும் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும்.

4. நினைவில் வைக்க

• செலவற்ற சோதனையை முதலில் செய்க: குதை, ஆளி, வடம்.
• ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை மாற்றினால் எது பழுது எனத் தெரியாது.
• திரையில் வரும் செய்தியை அப்படியே எழுதிக்கொள்க.
• முக்கிய கோப்புகளின் பிரதியை வேறோர் இடத்திலும் வைத்திருக்க.

5. மாதிரி வினாக்கள்

வினா 1: கணினியை இயக்கியபோது விசிறி சுழன்றது, "பீப்" ஒலி பல தடவை கேட்டது, திரையில் எதுவும் தோன்றவில்லை. கோளாறு தொடக்கலின் எப்படியில் உள்ளது? சாத்தியமான காரணம் ஒன்று தருக.
விடை: வலுவூட்டல் சுயபரிசோதனை. தற்போக்குப் பெறுவழி நினைவகம் சரியாகப் பொருத்தப்படாமை.

வினா 2: அக்கணினியைப் போமட் செய்யுமாறு நண்பர் கூறுகிறார். இது பொருத்தமானதா? காரணம் தருக.
விடை: பொருத்தமற்றது. கோளாறு வன்பொருளில், பணிசெயல் முறைமை ஏற்றப்படுவதற்கு முன்னரே ஏற்பட்டுள்ளது. போமட் செய்வதால் அது நீங்காது. தரவுகளை இழக்க நேரிடும்.

மாணவர்களே, "காரணம் தருக" என்ற பகுதிக்கு விடையளிக்கும்போது படியின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். படியை அறிந்தவருக்குக் காரணம் தானே புலப்படும். பரீட்சையில் சிறப்புச் சித்தி பெற வாழ்த்துகள்!